அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் தடையற்ற சந்தைச் சீர்திருத்தங்கள்: எதை ஏற்பது, எதை மறுப்பது?

கேள்வி – நாராயணபுரம் பயிற்றுநர்

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் அரசுப் பணித் தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர்களுக்குப் பொது நிர்வாகமும் அரசியலமைப்பும் நடத்தி வருகிறேன். கூட்டாட்சிப் பாடத்தில் அமெரிக்க மாநிலங்களை ஒப்பிட்டுச் சொல்லும்போதெல்லாம், அங்கே டெக்சாஸும் புளோரிடாவும் தனிநபர் வருமான வரியே வாங்குவதில்லை என்பதும், முடி திருத்துபவருக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பதைக்கூட மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்கிறது என்பதும் மாணவர்களுக்கு வியப்பாக இருக்கின்றன.

சென்ற வாரம் இதைத் தொடர்ந்து வகுப்பில் கடுமையான விவாதம் எழுந்தது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் அங்கே பல மாநிலங்களில் தொழில் உரிமங்களைத் தளர்த்துவது, வரியைக் குறைப்பது, தொழிற்சங்கச் சந்தாவைக் கட்டாயமற்றதாக்குவது, பள்ளிக் கட்டணத்துக்குப் பெற்றோர் கையிலேயே அரசுப் பணத்தைக் கொடுப்பது என்று அடுக்கடுக்காகச் சட்டங்கள் வந்துள்ளன. இவை எல்லாம் "தடையற்ற சந்தைச் சீர்திருத்தம்" என்ற ஒரே தலைப்பின்கீழ் பேசப்படுகின்றன. இவை ஏழையின் வயிற்றில் அடிக்கும் சட்டங்கள் என்றனர் மாணவர்களில் ஒரு சாரார். இல்லை, சிறுதொழில் செய்பவனுக்கு இவைதாம் வாசலைத் திறக்கின்றன என்றனர் மறுசாரார். இரண்டு பக்கத்தாரிடமும் உணர்ச்சி இருந்த அளவுக்குச் செய்தி இல்லை. அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கு என்னிடமும் இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. ஒரே வாசகம் கொண்ட மசோதாக்கள் பல மாநிலங்களில் எப்படி ஒரே காலத்தில் வருகின்றன? அவற்றால் உண்மையில் யாருக்கு நன்மை கிடைத்தது? நம் மாநிலத்துக்கு அவற்றில் எடுத்துக்கொள்ளத் தக்கது ஏதும் உண்டா?


பதில் – ஒத்தக்கடை வழக்கறிஞர்

ஐயா, உங்கள் முதல் கேள்விக்கு அமெரிக்கச் சட்டமன்றங்களின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. நம் ஊரில் மசோதா என்பது பெரும்பாலும் துறைச் செயலகத்தில் உருவாகி, சட்டத்துறை பார்த்து, அமைச்சர் வழியாக அவைக்கு வருவது; தனி உறுப்பினர் கொண்டு வரும் மசோதா நிறைவேறுவது மிக அரிது. அங்கே எந்த உறுப்பினரும் மசோதா கொண்டு வரலாம், அது சட்டமாகவும் ஆகலாம். ஆனால் அந்த உறுப்பினர்களில் பலர் முழுநேர அரசியல்வாதிகள் அல்லர். நியூ ஹாம்ப்ஷயர் கீழவையில் 400 உறுப்பினர்கள். ஒவ்வொருவருக்கும் ஆண்டு ஊதியம் 100 டாலர்தான். டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதுவும் அதிகபட்சம் 140 நாட்கள். இப்படிப்பட்ட இடத்தில் பண்ணையோ கடையோ நடத்திக்கொண்டு சட்டமன்றத்துக்கும் போய்வரும் ஒருவருக்கு, எழுதி முடித்த ஒரு மசோதாவை யாரேனும் கையில் கொடுத்தால் அது பெரிய உதவி.

அந்த உதவியைச் செய்யவே அமைப்புகள் இருக்கின்றன. 1973இல் தொடங்கப்பட்ட அலெக் என்னும் அமைப்பில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் தனியார் நிறுவனப் பிரதிநிதிகளும் ஒன்றாக அமர்ந்து மாதிரி மசோதாக்களை உருவாக்குகிறார்கள். அரிசோனாவில் கோல்ட்வாட்டர் இன்ஸ்டிடியூட், மிச்சிகனில் மாக்கினா சென்டர் என்று மாநிலந்தோறும் ஆய்வு மையங்கள் உள்ளன. சட்டமன்றம் அசையாத இடத்தில், இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ் போன்ற அமைப்பு சிறுதொழில் செய்பவருக்காகக் கட்டணமின்றி வழக்கு நடத்துகிறது. ஒரே வாசகம் பல மாநிலங்களில் தென்படுவது இதனால்தான். எழுதியவர் யார் என்பது வெளிப்படையாக இல்லாவிட்டால் அது குறைதான் என்று நான் கருதுகிறேன். ஆனால் எழுதியவரை வைத்து மட்டும் ஒரு சட்டத்தைத் தள்ளிவிடவும் கூடாது.

என் கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். இந்தத் தலைப்பின்கீழ் வரும் சட்டங்களில் தொழில் உரிமச் சீர்திருத்தம் தனியே நிற்கிறது. அதை மற்றவற்றோடு சேர்த்துக் கட்டிப் போற்றுவதும் தவறு, சேர்த்துக் கட்டித் தூற்றுவதும் தவறு. 1950களில் அமெரிக்கத் தொழிலாளர்களில் இருபதில் ஒருவருக்குத்தான் மாநில உரிமம் தேவைப்பட்டது. 2015இல் ஒபாமா அரசின் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கையின்படி, அது நான்கில் ஒருவருக்கு மேல் ஆகிவிட்டது. மருத்துவருக்கும் மின்பணியாளருக்கும் உரிமம் வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் லூசியானாவில் பூ அலங்காரம் செய்து விற்பதற்கே தேர்வெழுதி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே பூக்கடை வைத்திருப்பவர்களே நடுவர்களாக இருந்து, புதியவர் கட்டிய மலர்க்கொத்துக்கு மதிப்பெண் போடும் செய்முறைத் தேர்வு 2010இல்தான் நீக்கப்பட்டது. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் விடியற்காலையில் மல்லிகையை வாங்கி, கோயில் வாசலில் உட்கார்ந்து சரம் கட்டி விற்கும் ஒரு பெண், பக்கத்துக் கடைக்காரர் முன் கட்டிக் காட்டித் தேறினால்தான் விற்கலாம் என்றால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நோய் இருக்கும் இடமும் அதுவே. பல மாநிலங்களில் உரிமக் குழுவில் பெரும்பான்மையோர் அதே தொழிலைச் செய்பவர்கள். வட கரோலினாவில் பல் மருத்துவர்கள் நிறைந்த குழு, குறைந்த கட்டணத்தில் பல் வெண்மையாக்கும் சேவை நடத்தியவர்களுக்கு நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. அதை எதிர்த்து நடவடிக்கை எடுத்தது ஒன்றிய அரசின் வணிக ஆணையம். 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சந்தையில் போட்டியிடுபவர்களே பெரும்பான்மையாக இருக்கும் குழுவை மாநில அரசு முனைந்து மேற்பார்வை செய்யாவிட்டால், சந்தைப் போட்டியைக் காக்கும் ஒன்றியச் சட்டத்திலிருந்து அக்குழு தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. அதன்பிறகுதான் பல சட்டமன்றங்கள் தங்கள் குழுக்களைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கின. 2019இல் அரிசோனா, வேறு மாநிலத்தில் ஓராண்டாவது குறையின்றி உரிமம் வைத்திருந்து தன் மாநிலத்தில் வந்து குடியேறுபவருக்குப் புதிய பயிற்சி இல்லாமலே உரிமம் வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநர் டக் டூசி கையொப்பமிட்ட அந்தச் சட்டத்தை ஒட்டிப் பல மாநிலங்கள் சட்டம் இயற்றியுள்ளன.

கூட்டாட்சி பற்றி நடத்துவதால் இதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். மாநிலங்கள் புதிய சட்டங்களைச் செய்து பார்க்கும் சோதனைக்கூடங்கள் என்று எல்லாரும் மேற்கோள் காட்டும் கருத்து, அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பிராண்டைஸ் 1932இல் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் வருவது. அது உரிமம் பற்றிய வழக்கேதான்: ஓக்லஹோமாவில் ஐஸ் தயாரித்து விற்பதற்கு அரசின் அனுமதி வேண்டும் என்ற சட்டம். பெரும்பான்மை நீதிபதிகள் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றனர். பிராண்டைஸ் அதைக் காப்பாற்றவே அப்படி எழுதினார். உரிமத்தைத் தளர்த்துபவர்களும் இன்று அதையே தமக்குத் துணையாகக் காட்டுகிறார்கள்.


பதில் – எஸ்.எஸ். காலனி அழகுக்கலை

வக்கீல் ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வழக்கைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. நான் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். என்னிடம் வேலை பழகிய பெண் ஒருத்தி திருமணமாகி டெக்சாஸுக்குப் போனபோது, இங்கே ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கில்லாமல் செய்த த்ரெட்டிங்கை அங்கே செய்யலாமா, கூடாதா என்ற கேள்வி வந்தது. அப்போதுதான் இதை விசாரித்து அறிந்தேன்.

த்ரெட்டிங் என்பது ஒரு பருத்தி நூலும் இரண்டு கைகளும் மட்டுமே கொண்டு செய்யும் வேலை. நூலின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, நடுவில் முறுக்கி, விரல்களை விரித்துச் சுருக்கும்போது அந்த முறுக்கு நகர்ந்து முடியை வேரோடு எடுக்கும். புருவத்தின் மேல் தோலை வாடிக்கையாளரே விரலால் இழுத்துப் பிடித்துக்கொள்வார். ரசாயனமும் கத்தரியும் இல்லை; பவுடர் போட்டுத் தொடங்கி, கற்றாழை ஜெல் தடவி முடிப்போம். இதற்கு டெக்சாஸில் 750 மணி நேரப் பயிற்சி பெற்று அழகுக்கலை உரிமம் வாங்க வேண்டும் என்றார்கள். பயிற்சிக் கட்டணமும் ஆயிரக்கணக்கான டாலர். அந்தப் பயிற்சியில் ஒப்பனையும் முகப் பராமரிப்பும் இன்னும் பலவும் இருந்தனவே தவிர, த்ரெட்டிங்கைக் கட்டாயமாகக் கற்றுத்தரவில்லை.

அங்கே இந்தத் தொழில் செய்தவர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். ஆஷிஷ் பட்டேல் பெயரில் அந்த வழக்கு அறியப்படுகிறது. 750 மணி நேரத்தில் சுமார் 320 மணி நேரம் த்ரெட்டிங்குக்குத் தொடர்பில்லாதது என்று அரசுத் தரப்பே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2015 ஜூனில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்தப் பயிற்சி விதி மாநில அரசியலமைப்புக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் அந்த மாநிலச் சட்டமன்றம் ஆப்பிரிக்க முறையில் தலைமுடி பின்னுபவர்களுக்கான உரிமத்தையும் நீக்கியது.

இதைப் படிப்பவர்கள், எனக்குக் கட்டுப்பாடே வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒருவர் முகத்தில் பயன்படுத்திய நூலை இன்னொருவருக்கு எடுப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாயில் வைக்கும் நூல் என்பதால் அது எவ்வளவு தீங்கு என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுத்தம் பற்றிய ஒரு சிறு பயிற்சியும், திடீரென்று வந்து பார்க்கும் ஆய்வும் கட்டாயம் வேண்டும். நம் ஊரில் அதுவும் இல்லை. அங்கே வாசலை அடைத்தார்கள். இங்கே உள்ளே நடப்பதைப் பார்க்க ஆளில்லை. ஏழைப் பெண்ணுக்கு மாதக்கணக்கில் சம்பாத்தியம் போகாமலும், வாடிக்கையாளரின் முகம் கெடாமலும் ஒரு சட்டம் எழுத முடியும் என்றே நான் நம்புகிறேன்.


பதில் – கப்பலூர் தொழிலாளி

மேலே இருவரும் எழுதியதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் பூக்காரியையும் த்ரெட்டிங் செய்யும் பெண்ணையும் முன்னால் நிறுத்திவிட்டு, அவர்களுக்குப் பின்னால் எந்தெந்தச் சட்டங்கள் வருகின்றன என்பதையும் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். நான் ஹார்வி மில் தொழிலாளி குடும்பத்தில் பிறந்தவன். என் தாத்தா காலத்துச் சங்கப் போராட்டங்களைக் கேட்டு வளர்ந்தவன். அதனால் தொழிற்சங்கம் தொடர்பான சட்டங்களைத்தான் முதலில் பார்க்கிறேன்.

1947இல் வந்த டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம், சங்கத்துக்குக் கட்டணம் செலுத்துவதை வேலைக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று தடை செய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தது. அப்படித் தடை செய்த மாநிலங்களில், சங்கம் பேரம் பேசி வாங்கித் தரும் ஊதிய உயர்வைச் சந்தா கட்டாதவரும் பெறுவார். அவருக்காகவும் சங்கம் பேசியாக வேண்டும். நீண்ட காலம் தெற்கிலும் மேற்கிலும்தான் இந்தச் சட்டம் பெரும்பாலும் இருந்தது. 2012இல் இண்டியானாவும், கார்த் தொழிலின் தாய்வீடான மிச்சிகனும் அதை நிறைவேற்றின. 2015இல் விஸ்கான்சின், 2016இல் மேற்கு வர்ஜீனியா, 2017இல் கென்டக்கி என்று அது பரவியது. விஸ்கான்சினில் அதற்கு முன்பே, 2011இல், ஆளுநர் ஸ்காட் வாக்கர் கொண்டுவந்த சட்டம் பெரும்பாலான அரசு ஊழியர் சங்கங்களின் பேர உரிமையை அடிப்படை ஊதியம் என்ற ஒரே விஷயத்துக்குச் சுருக்கிவிட்டது. மேடிசன் நகரில் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே ஆயிரக்கணக்கானோர் வாரக்கணக்கில் போராடியும் அது நிறைவேறியது.

ஆனால் மக்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மிசௌரியில் 2017இல் சட்டமன்றம் நிறைவேற்றிய அதே வகைச் சட்டத்தை, தொழிலாளர்கள் கையெழுத்து இயக்கம் நடத்திப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். 2018 ஆகஸ்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் அதை நிராகரித்தார்கள். மிச்சிகன் 2023இல் தன் சட்டத்தைத் தானே ரத்து செய்தது. இப்போது அத்தகைய சட்டம் உள்ள மாநிலங்கள் 26.

வரிக் குறைப்புக்குக் கான்சாஸ் ஒன்றே போதும். 2012இல் ஆளுநர் சாம் பிரவுன்பேக் தலைமையில் வருமான வரியின் உயர்ந்த விகிதத்தை 6.45 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாகக் குறைத்ததோடு, பலவகைச் சிறு நிறுவன உரிமையாளர்களின் தொழில் வருமானத்துக்கு வரியே இல்லை என்றும் செய்தார்கள். வளர்ச்சி வந்து இழப்பை ஈடுகட்டும் என்றார்கள், வரவில்லை. கருவூலம் வற்றியது, கடன் மதிப்பீடு இறங்கியது, பள்ளிகளுக்கான நிதி நெருக்கடி நீதிமன்றம் வரை போனது. 2017இல் ஆளுநரின் சொந்தக் கட்சியே பெரும்பான்மை கொண்ட சட்டமன்றம், அவர் தன் மறுப்பு அதிகாரத்தால் (வீட்டோ) தடுத்ததையும் மீறி, வரியைத் திரும்பக் கொண்டுவந்தது. வட கரோலினாவைப் போல வரி அடித்தளத்தை விரிவாக்கிக்கொண்டு படிப்படியாகக் குறைத்த மாநிலம் இந்த அளவு தடுமாறவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

நம் சட்டமன்றத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று, தினசரி வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழி செய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா தமிழ்நாட்டில் நிறைவேறியது. சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்க்கவே, சில நாட்களில் அது நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். மசோதா எந்த வேகத்தில் வந்தது என்பதை இங்கே கப்பலூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வெளியே வந்தவர்கள் கைபேசியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். வேலை நேரம் பற்றிய சட்டத்தை, அந்த நேரத்தை வேலை செய்து கழிப்பவனிடம் கேட்காமல் எழுதுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். அது எந்த நாடாக இருந்தாலும் சரி.


பதில் – அண்ணா நகர் மருத்துவமனை நிர்வாகம்

சுருக்கமாக ஒன்று. மருத்துவத் துறையில் அங்கே "தேவைச் சான்றிதழ்" என்றொரு சட்டம் உண்டு. புதிய மருத்துவமனையோ அறுவைசிகிச்சை மையமோ தொடங்கவும், சில மாநிலங்களில் ஸ்கேன் இயந்திரம் வாங்கவும்கூட, அந்தப் பகுதிக்கு அது தேவை என்று மாநில அரசிடம் மெய்ப்பிக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் மருத்துவமனைகள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். 1964இல் நியூயார்க் தொடங்கியது. 1974இல் ஒன்றியச் சட்டம் எல்லா மாநிலங்களையும் அதன்பக்கம் தள்ளியது. செலவு குறையவில்லை என்று கண்டு 1987இல் ஒன்றியச் சட்டம் நீக்கப்பட்ட பிறகும் பெரும்பாலான மாநிலங்கள் கைவிடவில்லை. அயோவாவில் ஒரு கண் மருத்துவர் தன் மையத்தில் கண்புரை அறுவைசிகிச்சை செய்ய அனுமதி கேட்டுப் பலமுறை மறுக்கப்பட்டு, இருபது ஆண்டுகள் அலைந்து, 2017இல்தான் பெற்றார். நம் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது, ஊரில் இருந்த மற்ற மருத்துவமனைகளின் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தால் எத்தனை பேர் பார்வையிழந்திருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு.

கென்டக்கியில் நேபாளி பேசுபவர்களுக்கு வீட்டிலேயே பராமரிப்பு அளிக்க விரும்பிய இருவருக்கு இதே சட்டத்தால் அனுமதி கிடைக்கவில்லை. 2022இல் ஒன்றிய மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றே கூறிவிட்டது. இதை மாற்ற வேண்டிய இடம் சட்டமன்றம் என்பது அந்தத் தீர்ப்பிலிருந்து தெரிகிறது. அடுத்த ஆண்டே தென் கரோலினாச் சட்டமன்றம் பெரும்பாலான வசதிகளுக்கு இந்தச் சான்றிதழை நீக்கியது. மதுரை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்களுக்கு ஒரு செய்தி: 2023இல் டென்னசி, வெளிநாட்டில் பயிற்சி முடித்த மருத்துவர்கள் அங்கே மீண்டும் உறைவிடப் பயிற்சி பெறாமலே, சில நிபந்தனைகளோடு தற்காலிக உரிமம் பெறச் சட்டம் இயற்றியது. வலதுசாரிகள் பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம்தான் அதைச் செய்தது.


தொடர் கேள்வி – நாராயணபுரம் பயிற்றுநர்

நால்வருக்கும் என் மனமார்ந்த நன்றி. அடுத்த வகுப்பில் கான்சாஸையும் த்ரெட்டிங் வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியே எடைபோடச் சொல்லப்போகிறேன். வழக்கறிஞர் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி. அரசியலமைப்பின் 19(1)(g) பிரிவு எத்தொழிலையும் செய்யும் உரிமையைத் தருகிறது. 19(6) நியாயமான கட்டுப்பாட்டை அனுமதிக்கிறது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் புதியவரைத் தடுக்கும் அந்த நோய் நம் ஊரில் எங்கேனும் தென்படுகிறதா?


பதில் – ஒத்தக்கடை வழக்கறிஞர்

தென்படக்கூடிய இடம் ஒன்று உண்டு. மாணவர்களே நேரில் சென்று பார்க்கலாம். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நல்ல நோக்கத்தோடு வந்தது; மாசி வீதிகளிலும் விளக்குத்தூண் பக்கமும் தள்ளுவண்டி வைத்திருப்பவர்களை நினைத்த நேரத்தில் அப்புறப்படுத்துவதிலிருந்து அது காக்கிறது. அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதத்தினர் வியாபாரிகளாகவே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். அதிகாரிகளிடம் மட்டும் அதிகாரம் சேராமல் இருக்க இது தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. கணக்கெடுப்பு குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்க வேண்டும். இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவில் புதிதாகக் கடை போட விரும்பும் ஒருவருக்குச் சான்றிதழ் வழங்கும் அதிகாரமும் இதே குழுவிடம்தான் இருக்கிறது. ஏற்கெனவே இடம் பிடித்தவர்கள் அமர்ந்திருக்கும் குழு, புதியவருக்கு எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதுதான் வட கரோலினாப் பல் மருத்துவர் வழக்கில் எழுந்த அதே கேள்வி.

டெக்சாஸில் 1977 முதல் ஒரு மறுஆய்வு ஆணையம் இருக்கிறது: சட்டமன்ற உறுப்பினர்கள் பத்துப் பேர், பொதுமக்கள் இருவர். ஒவ்வொரு அரசு முகமையையும் வழக்கமாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்து, இது இன்னும் தேவையா என்று விசாரிக்கிறது. தொடரச் சொல்லிச் சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றாவிட்டால் அந்த முகமை மூடப்படும். நம் உரிமம் வழங்கும் குழுக்களுக்கும் அப்படியொரு காலக்கெடு வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு முன்பாக, மாநகராட்சியில் கடந்த கணக்கெடுப்புக்குப் பின் புதியவர் எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேருக்குச் சான்றிதழ் கிடைத்தது, மறுக்கப்பட்டவர்களுக்கு எழுத்தில் காரணம் தரப்பட்டதா என்ற மூன்று கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் மாணவர்கள் கேட்கட்டும். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மனுவை எழுதிக் காட்டினால் நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.